பசை காய்வதற்குள்

கடிகாரக்காரர் முதல் தடவை பட்டறைக்குள் வந்தபோது தச்சுக்காரி தலையை நிமிர்த்தவே இல்லை. கையில் இழைப்புளி இருக்கும்போது யார் வந்தாலும் அவள் நிமிர மாட்டாள். வந்தவர் மரச்சுருளுக்கு நடுவே நின்று தொண்டையைக் கனைத்து, ஒரு அலமாரி வேண்டும் என்றார்.

“பிளைவுட்டா, முழு மரமா?” என்றாள், பலகையைப் பார்த்தபடியே.

“முழு மரம். பிளைவுட் ஒரு துண்டுகூட வேண்டாம். ஆணி வேண்டாம், ஸ்க்ரூ வேண்டாம். இழைச்சு, கோத்து, தானா நிக்கணும். செய்வீங்களா?”

இழைப்புளி நின்றது. ஆணி வேண்டாம் என்று ஒரு மனிதர் தானாக வாயைத் திறந்து சொல்வதை அவள் இந்தப் பிறவியில் கேட்டதில்லை. வருகிறவர்கள் எல்லாம் சீக்கிரம் வேண்டும் என்பார்கள், பளபளவென்று வேண்டும் என்பார்கள், அதோடு சரி. நிமிர்ந்து பார்த்தாள். ஒல்லியான ஆள். நாற்பது, நாற்பத்திரண்டு இருக்கும். இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம். ஒன்று சொந்தம், மற்றது பழுது பார்த்து ஓடவிட்டுப் பார்ப்பது. வலது கண்ணைச் சுற்றி லென்ஸ் வைத்து வைத்துப் பதிந்த சிவப்பு வளையம். நிமிர்ந்தவள் நிமிர்ந்தபடியே இருந்துவிட்டாள். முன்பக்கம் ரம்பத்தோடு நின்றிருந்த அவள் அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, பார்த்தது போதாதென்று மெஷினையும் நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

பட்டறை இரண்டு பேருக்கும் பொது. மெஷின் வேலை அண்ணனுடையது, கைவேலை அவளுடையது. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. வீட்டார் மாப்பிள்ளை பார்த்துப் பார்த்து ஓய்ந்து, கடைசியில் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். வந்த வரன்களில் ஒருவன் பட்டறையை மூடிவிட வேண்டும் என்றான். இன்னொருவன் அவள் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, காய்ப்பு போக எத்தனை நாளாகும் என்று கேட்டான். அவனை வாசல் வரை கொண்டுபோய் விட்டவள் அவள்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை, அவளுக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. இந்த மனிதர் வந்து ஆணி வேண்டாம் என்று சொல்கிற வரைக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அலமாரி நெஞ்சு உயரம். கதவு கிடையாது. மேலிருந்து கீழ் வரை அகலமான, ஆழமில்லாத டிராயர்கள். கடிகாரத்துக்குள் போகிற சக்கரம், முள், கம்பிச்சுருள் எல்லாவற்றையும் வகை பிரித்து வைக்க வேண்டுமாம். இரண்டு பக்கப் பலகைகளின் உட்புறத்திலும் நேர் நேராக நீளப் பள்ளமாய்க் காடி எடுத்து, அந்தக் காடியில் டிராயர்கள் வழுக்கி ஓட வேண்டும். அவள் ஒரு தாளில் வரைந்து காட்டினாள். அவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தார். பென்சில் கோட்டை லென்ஸ் வைத்துப் பார்க்கிற ஆளிடம் ஒரு பெண் எப்படி மயங்காமல் இருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

பிறகு தொடங்கியது போக்குவரத்து. அவர் கடை இரண்டு தெரு தள்ளி. முதலில் கைப்பிடி மரத்திலா பித்தளையிலா என்று கேட்க வந்தார். மரத்தில் என்று முடிவாயிற்று. அடுத்து, அந்த மரக் கைப்பிடி உருண்டையா நீளமா என்று கேட்க வந்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, கண்ணுக்கே தெரியாத ஒரு கம்பிச்சுருளைக் காட்டி, “இந்த வகைக்குத் தனியா ஒரு டிராயர் வேணும்னு தோணுது” என்றார். அவளும் அதை ஏதோ ரத்தினம்போல உள்ளங்கையில் வாங்கிப் பார்த்து, “கண்டிப்பா வேணும்” என்றாள். இப்படியே டிராயர்கள் கூடின. ஒருநாள் எந்தச் சாக்கும் கிடைக்காமல், போன தடவை தெரியாமல் எடுத்துப் போய்விட்டேன் என்று ஒரு துண்டுப் பென்சிலைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அந்தப் பென்சில் பட்டறையுடையதே இல்லை. அவள் நன்றி சொல்லி வாங்கிக் காதில் செருகிக்கொண்டாள்.

வந்தால் ஸ்டூலில் உட்காருவார். அவள் இழைப்பதைப் பார்ப்பார். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்பார், அவள் சொல்வாள். அவர் போன பிறகு அவள் கொஞ்ச நேரம் சும்மாவே சிரித்துக்கொண்டிருப்பாள். அண்ணன் முன்பக்கத்திலிருந்து, “என்ன, தனியாச் சிரிப்பு?” என்பான். “தும்மல் வருது” என்பாள்.

அண்ணிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அவள் நேராகக் கடிகாரக் கடைக்கே போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க்கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு, ஆளை ஆதியோடந்தமாக விசாரித்துக்கொண்டு வந்தாள். தனிக்கட்டை. அம்மாவுக்குத் துணையாக இருந்து, அம்மா போன பிறகு கடையே கதி என்று இருக்கிறவர். குடி இல்லை, கடன் இல்லை, வாயும் இல்லை.

“ஆள் தங்கம். ஆனா அடுத்த பிறவி வரைக்கும் வாயத் திறக்க மாட்டார் போலிருக்கு” என்றாள் அண்ணி. முப்பத்தெட்டு வயதிலும் நாத்தனார் அவளுக்குப் பாப்பாதான். “நீயாவது ஏதாவது சொல்லேன் பாப்பா.”

“என்ன சொல்றது? அலமாரி கேட்டாரு, அலமாரி செய்றேன்” என்றாள் தச்சுக்காரி. காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

உள்ளே அவளுக்கு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அலமாரி முடிந்தால் வண்டியில் ஏறும். வண்டியில் ஏறினால், அவர் இந்த வாசல்படி மிதிக்க ஒரு முகாந்திரமும் இல்லை. அவளாகப் போகலாம் என்றால், அவள் கையில் கடிகாரமே கட்டுவதில்லை. ஆகவே அலமாரி முடியக்கூடாது. வேலையை இழுத்தடிக்கிறவர்களை வாழ்நாளெல்லாம் ஏசியவள், தானே இழுத்தடிக்க ஆரம்பித்தாள். இழைத்த பலகையை மறுபடி இழைத்தாள். கடுகளவு கணு இருக்கிறதென்று டிராயர் முகப்பு ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக அறுத்தாள். மூலைகளில் பலகையோடு பலகை கோக்கிற புறாவால் பற்களை அளந்து அளந்து வெட்டினாள். அவை ஒன்றுக்கொன்று இம்மி பிசகாமல் அமைந்தன, அதனால் எந்தப் பலகையை எந்த மூலையில் வைத்தாலும் பொருந்தும் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. சாதாரணத் தச்சர் செய்தால் அந்தந்தப் பல் அந்தந்த இடத்தில்தான் போகும். காதல் வந்தால் கைவேலை இப்படித்தான் கெட்டுப்போகும்.

“இன்னும் இழைச்சா அது பலகை இல்ல, பேப்பர்” என்றான் அண்ணன். “ஞாயித்துக்கிழமை வண்டி சொல்லிட்டேன். திங்கக்கிழமை பள்ளிக்கூட பெஞ்சுக்கு மரம் வந்து இறங்குது, இடம் வேணும். வியாழக்கிழமை ஒட்டிரு.”

அவளால் மறுக்க முடியவில்லை. மறுக்கக் காரணம் சொல்ல வேண்டும், காரணத்தை வாயால் சொல்வதைவிட உளியை விழுங்கிவிடலாம்.

ஒட்டுவது என்பது அந்தப் பட்டறையில் ஒரு பெரிய காரியம். பசை தடவிவிட்டால் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். அதற்குள் பலகைகளைக் கோத்து, தட்டி, இறுக்கிப் பிடிக்கிற நீளக் கிளாம்புகளைப் போட்டு முறுக்கி, மூலைக்கு மூலை அளந்து முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பிரம்மாவே வந்தாலும் பிரிக்க முடியாது. அதனால் அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள்: ஒட்டும்போது யாரும் பேசக்கூடாது. முன்பு ஒருதரம் அண்ணன் எதிர்வீட்டு நாயைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே பிடித்ததில் ஒரு மேஜை கோணிக்கொண்டது. அந்த மேஜையில்தான் இன்றைக்கும் வீட்டில் சாப்பிடுகிறார்கள். குழம்பு எப்போதும் அண்ணன் பக்கமே ஓடும்.

ஒட்ட இரண்டு பேர் வேண்டும். வியாழக்கிழமை காலையில் அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டான். இது அண்ணியின் ஏற்பாடு. அவனுக்கு நடிப்பு வராது என்பதால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்கச் சொல்லியிருந்தாள். பிறகு கடிகாரக் கடைக்கு ஆள் அனுப்பாமல் தானே போய், “தம்பி, உங்க அலமாரியப் பிடிக்க ஆள் இல்ல” என்றாள். அவர் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார்.

முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு அவர் வந்து நின்றபோது தச்சுக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவ்வளவு மெலிந்த கைக்கு அப்படி ஒரு உறுதி இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. பசைக்கு எத்தனை நிமிஷம் என்று சொன்னாள், பேசக்கூடாது என்கிற சட்டத்தையும் சொன்னாள். அவர் தலையாட்டினார். உடனே பேச்சை நிறுத்திவிட்டார். அதில் அவருக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை.

பக்கப் பலகைகள் இரண்டும் காடி கீழே படும்படி மேஜையில் கிடந்தன. எது இடது, எது வலது என்று பென்சிலில் குறித்துத்தான் வைப்பாள். ஆனால் விடியற்காலையில் வந்து, கடைசி நாளாயிற்றே என்கிற ஏக்கத்தில், அந்தப் பலகைகளை மேலாக இன்னொரு இழைப்பு இழைத்திருந்தாள். குறி சுருளோடு சுருளாகப் போய்விட்டது. போனதை அவள் கவனிக்கவில்லை. பிரஷ்ஷால் பற்களில் பசையைத் தடவினாள். கீழ்ப்பலகையில் ஒரு பக்கத்தைத் தூக்கி நிறுத்தினாள், அவர் பிடித்துக்கொண்டார். இன்னொரு பக்கத்தை நிறுத்தினாள். மேல்பலகையை இறக்கி, கொட்டாப்புளியால் தட்டினாள். பற்கள் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கின. அவர் விரலும் அவள் விரலும் ஒரே இடத்தில் பட்டன, இரண்டும் பசையாக இருந்ததால் பிரிய ஒரு கணம் ஆயிற்று. அவள் நெஞ்சு கொட்டாப்புளியைவிடச் சத்தமாக அடித்துக்கொண்டது.

கிளாம்புகளைப் போட்டாள். முறுக்கினாள். பிதுங்கிய பசையைத் துடைக்க ஈரத்துணியோடு பக்கவாட்டுக்குப் போனவள் அங்கேயே நின்றாள்.

காடிகள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேலிருந்து கீழ்வரை, வரிசையாக, வெளிப்பக்கத்தில். இடதை வலதிலும், வலதை இடதிலும் மாட்டியிருக்கிறாள். டிராயர்களை இனி அலமாரிக்கு வெளியேதான் தொங்கவிட வேண்டும்.

வேறு யாருடைய வேலையாக இருந்தாலும் பற்கள் பொருந்தாமல் அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும். அவளுடையதாகப் போனதால் அழகாக, ஒரு முடி இடைவெளிகூட இல்லாமல் பொருந்திவிட்டது. அவள் வாயைத் திறந்தாள். இப்போதே சொன்னால் தட்டிப் பிரித்து மாற்றிவிடலாம், நேரம் இருக்கிறது. மாற்றினால் ஞாயிற்றுக்கிழமை வண்டி. சொல்லாமல் விட்டால் பசை இறுகும். இறுகினால் இது விறகுக்குத்தான் ஆகும். புதிதாக மரம் வாங்க வேண்டும், அறுக்க வேண்டும், இழைக்க வேண்டும். அந்த ஸ்டூலில் அவர் இன்னும் எத்தனையோ நாள் வந்து உட்கார வேண்டும்.

திறந்த வாயை மூடிக்கொண்டாள். கோணல் வேலையை ஒருநாளும் பொறுக்காத அந்தக் கை, கிளாம்பின் திருகை இன்னொரு சுற்று இறுக்கியது. இறுக்கியது தன் கைதானா என்று அவளே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அவமானமாக இருந்தது. அதைவிடப் பெரிய சந்தோஷமாகவும் இருந்தது. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வந்ததைப் பல்லைக் கடித்து அடக்கினாள். எதிர்ப்பக்கம் கடிகாரக்காரர் தலை குனிந்து, அந்தப் பக்கத்துக் காடிகளின் ஓரம் ஓரமாகப் பசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப மும்முரமாகத் துடைத்தார்.

அப்போது அண்ணி டீயோடு உள்ளே வந்தாள். அவளுக்கு மரவேலையில் ஆனா ஆவன்னா தெரியாது. அலமாரியை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஏன் பாப்பா, கோடெல்லாம் உள்ளதான இருக்கும்னு சொன்ன? இது வெளிய இருக்கு?”

அண்ணி அவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இரண்டு பேரில் ஒருவர் முகத்திலும் அதிர்ச்சி என்பது மருந்துக்கும் இல்லை. தேள் கொட்டினால்கூடச் சத்தம் போடமாட்டார்கள் போல நின்றார்கள்.

“அடப்பாவிகளா” என்றாள் அண்ணி மெதுவாக. டீயை வைத்துவிட்டு மரக்கட்டை ஒன்றில் உட்கார்ந்துகொண்டாள்.

தச்சுக்காரி அலமாரிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியுமா?”

அவர் துணியை மடித்தார். “நீங்க தூக்கி வைக்கும்போதே பாத்தேன்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“பேசக்கூடாதுன்னீங்க.” கண்ணைச் சுற்றியிருந்த சிவப்பு முகம் முழுக்கப் பரவியது. “அது இல்ல. சொன்னா நீங்க சரி பண்ணிருவீங்க. சரி பண்ணா ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சிரும். எனக்கு அது முடிய வேண்டாம்னு இருந்துச்சு.” மூச்சு வாங்கிக்கொண்டு மேலும் சொன்னார்: “எனக்கு நாலு டிராயரே போதும். மிச்சத்துல வைக்கிறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல.”

அடக்கி வைத்திருந்த சிரிப்பு அணை உடைத்துக்கொண்டது. அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கப் போய் கன்னமெல்லாம் பசையாயிற்று. அவர் அசடு வழிய நின்றார்.

“உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?” என்றார்.

“துடைக்க வரும்போது.”

“அப்புறமா ஒரு சுத்து இறுக்கினீங்களே.”

“ஆமா” என்றாள். “இறுக்கினேன்.”

அவர் அதைப் புரிந்துகொள்ள ஆன நேரத்தில் ஒரு கடிகாரத்தையே கழற்றி மாட்டியிருக்கலாம். புரிந்ததும் அவரும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து அவள் பார்த்ததில்லை. முன்பல் ஒன்று லேசாக முன்னால் நின்றது. அதை இழைத்துச் சரிசெய்ய வேண்டும் என்று அவளுக்குக் கொஞ்சமும் தோன்றவில்லை.

“நல்லா இருக்கு நியாயம்” என்றாள் அண்ணி. “அங்க ஒரு மனுஷன் வலிக்காத இடுப்புக்கு மூணு தடவை தைலம் தேய்ச்சுக்கிட்டுப் படுத்துக் கிடக்காரு. நீங்க நல்ல மரத்த விறகாக்கிட்டு நில்லுங்க.”

அவர் இடது கைக் கடிகாரத்தைப் பார்த்தார், வலது கைக் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. ரெண்டும் அதையேதான் சொல்லுது.”

தச்சுக்காரி கொட்டாப்புளியை எடுத்தாள். எடுத்தும் தட்டவில்லை. வாழ்நாளில் கேட்டறியாத கேள்வி ஒன்று தொண்டையில் நின்றது. இப்போது கேட்காவிட்டால் அதுவும் உள்ளேயே இறுகிப்போகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

“இதப் பிரிச்சுச் சரி பண்றேன். ஞாயித்துக்கிழமை அனுப்பிடுவேன். அதுக்கப்புறம் நீங்க வரணும். சும்மா வரணும். வருவீங்களா?”

“உங்க அண்ணன் எதுக்கு வந்தீங்கன்னு கேப்பாரே.”

“கேப்பான். என்ன சொல்வீங்க?”

அவர் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. யோசித்தார். அவர் யோசிக்க யோசிக்கப் பசை காய்ந்துகொண்டிருந்தது.

“வாய் விட்டுச் சொன்னாத்தான் பிரிப்பீங்களா?” என்றார்.

“ஆமா.”

“சொல்லிக்கிறேன். பிரிங்க.”

அப்புறம் நடந்தது வேலை இல்லை, கலாட்டா. கிளாம்புகள் தடதடவென்று கழன்றன. அவள் உள்ளிருந்து தட்ட, அவர் வெளியிலிருந்து இழுக்க, மேல்பலகை வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. அண்ணி புடவையைச் செருகிக்கொண்டு வந்து ஒரு கை கொடுத்தாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பலகை பிய்த்துக்கொண்டு வந்ததில் கடிகாரக்காரர் மரச்சுருள் குவியலில் மல்லாந்து விழுந்து, விழுந்த வேகத்தில் எழுந்தார். தலைமுடி, புருவம், இரண்டு கடிகாரம் எல்லாவற்றிலும் சுருள் ஒட்டிக்கொண்டது. “இடதக் குடுங்க, இடத” என்று அவள் கத்த, அவர் இந்தத் தடவை சரியான பலகையைக் கொடுத்தார். காடி உள்ளே. காடி உள்ளே. மேல்பலகை. தட்டு. கிளாம்ப். முறுக்கு. மூலைக்கு மூலை அளந்தாள். இம்மி பிசகவில்லை. பேசிக்கொண்டே ஒட்டியும் பிசகவில்லை.

இவ்வளவு சத்தத்தில் வீடு இடிந்துவிட்டதோ என்று அண்ணன் எழுந்து ஓடி வந்தான். இடுப்புவலி அவன் நினைவிலேயே இல்லை. வாசலில் நின்று உள்ளே பார்த்தான். மனைவி கிளாம்பில் தொங்கிக்கொண்டிருந்தாள். தங்கை கன்னத்தில் பசையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தலைமுதல் கால்வரை மரச்சுருளாக ஒரு உருவம்.

“சார், நீங்களா? நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?” என்றான்.

கடிகாரக்காரர் தச்சுக்காரியைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பவில்லை. அவர் அலமாரியிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, அண்ணனுக்கு நேராகத் திரும்பி நின்றார்.

“உங்க தங்கச்சியப் பாக்க வந்தேன்” என்றார்.